கேட்டு வரைக்கும் வெட்டின புல்

பெல்வுட் ஊர் மன்றத்தின் தகரக்கூரை பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சாயங்காலம் கீழே உட்கார்ந்திருப்பவர்கள் தலையில்தான் இறக்கும். பிப்ரவரி, அந்தத் தென்கோடித் தீவில் உச்சி வெயில் மாதம். மழையைப் பார்க்காத இரண்டாவது கோடை. ஊரில் நடமாட முடிந்த அத்தனை பேரும் வந்து பலகை நாற்காலிகளில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். தொப்பிகளை மடியில் வைத்து விசிறிக்கொண்டார்கள்.

தீவின் தலைநகரான ஹோபார்ட்டிலிருந்து பேராயர் அலுவலகத்து ஆள் ஒருவர் வந்திருந்தார். மெலிந்த, மரியாதை தெரிந்த மனிதர். செயின்ட் ஜூட் கோயிலை விற்பது என்று முடிவாகிவிட்டதைச் சொல்லுமுன் ஒரு கிளாஸ் தண்ணீர் முழுவதையும் குடித்தார். ஆராதனை நின்று வெகு வருஷம் ஆகிறது, கூரை ஒழுகுகிறது, மேற்குச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், கோயிலைச் சுற்றியுள்ள கல்லறைத் தோட்டமும் கவனிப்பார் இல்லாமல் மோசமான நிலையில் இருப்பதாகச் சொன்னார். அந்த இடத்தில்தான் நோயலின் பிராமிச் எழுந்தாள்.

அறுபதைத் தொட்டவள். மாவு பிசைந்து பிசைந்து அகன்றுபோன கைகள். ஆட்டு ரோமம் கத்தரிக்கும் ஆட்களுக்குப் பண்ணை பண்ணையாகச் சமைத்துப் போட்டவள். கொட்டகை இயந்திரங்களின் இரைச்சலைத் தாண்டிச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அவளுக்கு.

"மோசமா இருக்குன்னு சொல்றீங்களே, யாரு அப்படி ஆக்கினது? மொதல்ல அதச் சொல்லுங்க. அந்தக் கல்லெல்லாம் நாடு கடத்திக் கப்பல்ல கொண்டாந்த கைதிங்க செதுக்கினது. கால்ல சங்கிலியோட நின்னு செதுக்கினது. எங்க தாத்தனுக்குத் தாத்தன் காலத்துலேர்ந்து நின்ன கல்லு. உங்க ஆபீஸ் கைக்குப் போனதும் பாழாப் போச்சா? அங்க என் பொண்ணு கெடக்கா, ஐயா. என் மூத்த பொண்ணு. அவ தலைமாட்டுல நின்னு விலை பேசுவீங்களோ?"

யாரும் கைதட்டவில்லை. "ஆமா"வென்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. முன் வரிசை ஆட்கள் தங்கள் பூட்ஸ் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்த பெவ் கியாஸ் அவள் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். தான் பேசியது எல்லார் நெஞ்சிலும் தைத்துவிட்டதாக நோயலின் நினைத்தாள்.

"உங்க மக அங்க இருக்காங்கன்னு எனக்குத் தெரியாதும்மா. மன்னிச்சிருங்க" என்றார் வந்தவர். அவர் முகம் நிஜமாகவே வெளுத்திருந்தது.

"உங்க மன்னிப்பு எனக்கு எதுக்கு? சனிக்கிழம நாங்களே சுத்தம் பண்றோம். மண்வெட்டியோ அருவாளோ இருக்கறவங்க எல்லாரும் வாங்க. டீயும் ஸ்கோன் ரொட்டியும் என் பொறுப்பு. பண்ணி முடிச்சதும் நீங்க வந்து பாருங்க, செத்தவங்கள எப்படி வச்சிக்கணும்னு பெல்வுட்டு ஜனம் காட்டும்."

அவள் திரும்பிக் கணவனைத் தேடினாள். நெவில் கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்தவன். இப்போது நாற்காலி மட்டும்தான் இருந்தது. வண்டியில் நாய் குரைக்கிறது என்று வெளியே போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

*

மறுநாள் வீட்டுக் கொட்டகையில் ஆடுகளுக்கு வால்மயிர் கழிக்கிற வேலை. ஈ மொய்த்துப் புழு வைக்காமல் இருக்க, கோடையில் பின்பக்கத்து மயிரை வழித்துவிட வேண்டும். நாலு ஆட்கள் விடியற்காலையே வந்துவிட்டார்கள். நோயலின் அடுப்பில் ஆட்டுத் தொடைகள் இரண்டு வெந்துகொண்டிருந்தன. உருளைக்கிழங்கும் பூசணியும் கொழுப்பில் வறுபட்டன. தக்காளித் தொக்கைப் புதுப் பாட்டிலிலிருந்து வழித்துக் கிண்ணத்தில் போட்டாள்.

பத்து மணித் தேநீருக்கு ஆட்கள் வந்து வாசல் பெஞ்சில் சரிந்தார்கள். ஆட்டுக்கொழுப்பில் ஊறிய கால்சட்டைகள். வியர்வையில் ஒட்டிய பனியன்கள். அவர்களில் மூத்தவன் கிளைவ், ஸ்கோனைப் பிட்டு ஜாமில் முக்கியபடி கேட்டான்:

"முதலாளியம்மா நேத்து பேராயர் ஆள உரிச்சு உப்பு தடவிட்டாங்களாமே?"

"உரிக்காம? வேற என்ன பண்ணச் சொல்ற?"

"நான் ஒண்ணும் சொல்லல தாயி. எனக்கு ஸ்கோன் வேணும், உயிரும் வேணும்." மற்றவர்கள் சிரித்தார்கள். கிளைவ் வாயைத் துடைத்துக்கொண்டு நெவிலைப் பார்த்தான். "ஆமா நெவ், சனிக்கிழம சுத்தம் பண்ணிட்டா, அப்புறம் உன்னோட..."

"டீய குடிச்சிட்டு எந்திரிடா. ஆடு பட்டியில காயுது" என்றான் நெவில்.

கிளைவ் பேச்சை அப்படியே விழுங்கிவிட்டான். நோயலின் அடுப்பைத் திறந்து இறைச்சியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்ததால் இதைக் காதில் வாங்கியும் வாங்காமலும் விட்டாள்.

ஆட்கள் போனதும் நெவில் மட்டும் வாசற்படியில் நின்றான். ஒல்லியான, உயரமான மனிதன். எதையாவது சொல்ல வேண்டுமென்றால் தொப்பியைக் கழற்றி அதன் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு சொல்வான்.

"சனிக்கிழம வேணாம் நோயலின். பாம்பு இருக்கும். இந்த வெயில்ல புல்லுக்குள்ள புலிப்பாம்பு சும்மாச் சுருண்டு கெடக்கும்."

"நீதான் வருஷா வருஷம் வெட்டறியே, உன்னக் கடிச்சுதா?"

"மழ பெஞ்சப்புறம் வச்சிக்கலாம். மண்ணு எளகட்டும்."

"மழ பெய்யறதுக்குள்ள கோயில வித்துருவாங்க. உனக்கு என்ன வந்துச்சு? உன் பொண்ணும்தான அவ?"

அவன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கொட்டகைக்கு நடந்தான்.

நோயலினுக்கு அவன்மேல் கோபம் வரவில்லை. அனெட் விஷயத்தில் அவன் எப்போதும் அப்படித்தான். குழந்தை வசந்தத்தில் பிறந்து, நடை பழகுமுன், ஒரு குளிர்காலக் காலையில் தொட்டிலிலேயே போய்விட்டது. தூங்கப் போட்டது எழுந்திருக்கவில்லை. காரணம் என்று எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் வருஷங்களில் நோயலின் பூ எடுத்துக்கொண்டு செயின்ட் ஜூட்டுக்குப் போவாள். மகன் ஷேன் பிறந்து நடக்க ஆரம்பித்ததும் போவது குறைந்தது. புது நெடுஞ்சாலை வந்து கோயில் இருந்த ஆற்றோரப் பழைய ரோடு ஒதுங்கிப்போனதும் அடியோடு நின்றுவிட்டது. ஆனால் நெவில் போனான். ஒவ்வொரு வசந்தத்திலும் புல்வெட்டும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு, "செயின்ட் ஜூட் வரைக்கும் போயிட்டு வரேன்" என்பான். திரும்பும்போது கால்சட்டை முழங்கால்வரை பச்சையாயிருக்கும். அவள் ஒன்றும் கேட்காமல் டீ போட்டுக் கொடுப்பாள். அவர்களுக்குள் அந்தக் குழந்தையைப் பற்றி மிஞ்சியிருந்த பேச்சு அந்த டீதான்.

*

வெள்ளிக்கிழமை கொட்டகை வேலை முடிந்து ஆட்கள் கணக்குப் பார்த்துப் போன பிறகு, அவள் பெவ்வைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். மறுநாளுக்கு எத்தனை ஆள், எத்தனை மண்வெட்டி தேவைப்படும் என்று முன்கூட்டியே பார்த்துவிடலாம் என்பது அவள் எண்ணம். பெவ் பக்கத்துப் பண்ணைக்காரி. பள்ளிக்கூடத்திலிருந்து சிநேகிதி. வாய் ஓயாதவள். அன்று வண்டியில் ஏறியதிலிருந்து வாயைத் திறக்கவில்லை.

"என்னடி, பல்லு வலியா?"

"இல்ல. நோயலின், வெயில் கொளுத்துது. நாளைக்கே எல்லாரோடயும் சேந்து வரலாமே."

"வந்தாச்சு. இன்னும் அந்தத் திருப்பம்தான்."

திருப்பத்தில் கோயில் தெரிந்தது. தேன்நிறக் கல்லில் கட்டிய சின்னக் கோயில். மணிக்கூண்டில் புறா. ரோட்டிலிருந்து வாசல் கேட்டு வரைக்கும் புல் ஒட்ட வெட்டியிருந்தது. காய்ந்திருந்தாலும் ஓரம் நேராக, கம்பளம் விரித்த மாதிரி.

"பாத்தியா பெவ்? நம்ம நெவில் வேல. அந்த ஹோபார்ட்டு ஆளு இதக் கண்ணால பாத்திருப்பானா?"

பெவ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கேட்டில் சங்கிலி போட்டிருந்தது. துருப்பிடிக்காத புதுச் சங்கிலி. கல்லறைத் தோட்டத்துக்கு எதற்குச் சங்கிலி என்று யோசித்துக்கொண்டே நோயலின் கம்பியில் காலை வைத்து ஏறி அந்தப் பக்கம் குதித்தாள். குதித்த இடத்தில் கால் வழுக்கியது. கீழே பார்த்தாள். சாணி.

நாற்றம் அப்போதுதான் மூக்கில் ஏறியது. கோயில் நிழலில் சிவப்பு உடம்பும் வெள்ளை முகமுமாகக் காளைகள் படுத்துக் கிடந்தன. சில எழுந்து நின்று அவளைப் பார்த்தன. ஒன்று, உயரமான ஒரு கல்தூணில் கழுத்தைச் சாய்த்து மேலும் கீழும் தேய்த்துக்கொண்டிருந்தது. அந்தத் தூணில் மாட்டின் கழுத்து உயரத்தில் எழுத்து இருந்த இடம் எண்ணெய் பூசினாற்போல வழவழத்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது.

புல் என்று எங்கேயும் இல்லை. குளம்பு மிதித்து மிதித்து மண் மாவாகியிருந்தது. கற்கள் முன்னும் பின்னும் சாய்ந்து கிடந்தன. சில இரண்டாக, மூன்றாக உடைந்திருந்தன. வில்லியம் டக்கெட் என்ற பெயரில் டக்கெட் ஓரிடத்திலும் வில்லியம் சாணிக்குள்ளும் கிடந்தன. அந்தக் காலத்தில் பிரசவத்தில் போன ஒருத்திக்கும் அவள் குழந்தைக்கும் போட்ட இரும்புக் கிராதி வளைந்து நசுங்கி, அதில் சிவப்பு மயிர் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தது.

நோயலின் அந்த மயிரில் ஒரு கொத்தைப் பிய்த்தெடுத்தாள். "யாரு மாடு இது?" என்றாள்.

கேட்டுக்கு வெளியே நின்ற பெவ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"பெவ், யாரு மாடுன்னு கேக்கறேன்?"

அவளே பக்கத்தில் இருந்த காளையை நோக்கி நடந்தாள். அது தலையை ஆட்டி ஈயை விரட்டியது. காதில் ஆரஞ்சு நிற வில்லை. அதில் ஒரு 'பி', அதற்குக் கீழே ஒரு கோடு. அந்தக் கோட்டை அவளே போடச் சொன்னாள், மறுபக்கத்துப் பண்ணை பிரவுன் வீட்டு மாடுகளோடு குழம்பாமல் இருக்க.

"வேலி அறுந்திருக்கு" என்றாள். "எங்கயோ வேலி அறுந்து நம்ம மாடு உள்ள வந்திருச்சு. ஐயோ, நெவில் பாத்தா செத்துருவான். பெவ், ஓடிப்போய் ஷேனக் கூப்பிடு..."

பேசிக்கொண்டே வேலி அறுந்த இடத்தைத் தேடிக் கோயிலின் பின்பக்கம் திரும்பியவள் நின்றாள்.

அங்கே ஒரு குளியல் தொட்டி இருந்தது. வெளிர்பச்சைத் தொட்டி. மாடு குடிக்க அதில் தண்ணீர் ததும்பி நின்றது. கறுப்புக் குழாய் ஒன்று, வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த பிராமிச் பண்ணையின் கடைக்கோடி நிலத்திலிருந்து வேலிக்கு அடியில் புகுந்து வந்து தொட்டியில் இறங்கியது. விளிம்பில் ஓரிடத்தில் பீங்கான் பெயர்ந்து அரைநிலா வடிவில் கறுப்பாயிருந்தது. ஷேன் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சுத்தியலால் அடித்தது அது. குளியலறையைப் புதுப்பித்தபோது கழற்றி எறிந்த அவர்கள் வீட்டுத் தொட்டி. ஷேனை அதில்தான் குளிப்பாட்டினாள். அவனுக்கு முன்னால் அனெட்டையும்.

வேலி எங்கேயும் அறுந்திருக்கவில்லை.

தொட்டி ஆடாமல் இருக்க இரண்டு பக்கமும் தட்டையான கற்களை அடுக்கி முட்டுக் கொடுத்திருந்தார்கள். ஒரு பக்கம் பழைய பழுப்புக் கல். மறு பக்கம் மேலே கிடந்தது அவ்வளவு பழையதில்லை. சிறியது, சாம்பல் நிறம், முகம் கீழே பார்த்தபடி. தொட்டியின் வளைவுக்கும் கல்லுக்கும் நடுவே ஒரு கை போகிற இடைவெளி இருந்தது.

நோயலின் சேற்றில் மண்டியிட்டாள். கையைக் கல்லுக்கு அடியில் விட்டாள். விரல்கள் ஈரத்தில் வழுக்கிக்கொண்டு போய் எதையோ தொட்டன. சுருள் சுருளாக. ஒரு காது. மடங்கிப் படுத்த சின்னக் கால். ஒரு ஆட்டுக்குட்டி. கல்வெட்டுகிறவனிடம், "தேவதை வேணாம், எங்களுக்கு ஆட்டுக்குட்டி போதும்" என்று அவள்தான் சொன்னாள்.

கையை வெளியே எடுக்க அவளுக்குத் தோன்றவில்லை. பெவ் வந்து தோளைத் தொடும்வரை அப்படியே இருந்தாள்.

"எந்திரி நோயலின். எந்திரி கண்ணு."

"உனக்குத் தெரியுமா?"

பெவ் அழுதாள்.

"எத்தன நாளா?"

"போன கோடையிலேர்ந்து. பழைய ரோட்டுல போறவங்க எல்லாரும் பாப்பாங்க. உனக்குத் தெரியும்னு நெனச்சோம். உங்க மாடு, உங்க பொண்ணு, உங்களுக்குள்ள ஏதோ முடிவு பண்ணியிருப்பீங்க, அத நாம எப்படிக் கேக்கறதுன்னு... நீ அன்னிக்கு மன்றத்துல எந்திரிச்சு அப்படிப் பேசினியா, அப்பத்தான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவளுக்குத் தெரியாது போலருக்கேன்னு. எல்லாருக்கும் அப்பத்தான் தெரிஞ்சுது."

"மூணு நாளு ஆகுது. நீ வாயத் தொறக்கல."

"எப்படிடி தொறக்கறது? நீயே சொல்லு, எந்த வார்த்தையில தொறப்பேன்?"

*

பெவ் போன் போட்டுக் கூப்பிட, ஷேன் நான்கு சக்கரப் பைக்கில் வேலி வரைக்கும் வந்து தாண்டிக் குதித்தான். முப்பது தாண்டிய ஆள். அப்பனின் உயரம், அம்மாவின் கை. அவளைச் சேற்றில் பார்த்ததும் விழுந்துவிட்டாள் என்று நினைத்து ஓடிவந்தான்.

"தொட்டிய எடு" என்றாள் நோயலின்.

"என்னம்மா ஆச்சு?"

"எடுடா."

அவன் தொட்டியைக் கவிழ்த்தான். தண்ணீர் கொட்டி மண் கரைந்து ஓடியது. சாம்பல் நிறக் கல்லைப் பெயர்த்துத் திருப்பினான். ஆட்டுக்குட்டியின் முகம் மழுங்கியிருந்தது. எழுத்து நன்றாகத்தான் இருந்தது. அவன் வாய்விட்டுப் படிக்க ஆரம்பித்து, அனெட் என்பதைத் தாண்டி பிராமிச் என்பதில் நின்றான்.

அவன் முகம் போன போக்கை நோயலின் பிற்பாடு பல நாள் நினைத்துக்கொண்டாள். அடிபட்ட மாடு விழுவதற்கு முன் ஒரு கணம் நிற்குமே, அது மாதிரி.

"நான் பாக்கல" என்றான். "சத்தியமா நான் திருப்பிப் பாக்கலம்மா. கல்லு விழுந்து கெடந்துச்சு. தட்டையா இருந்துச்சு. எடுத்து வச்சேன்."

"மாட்ட யாரு விடச் சொன்னா?"

"அப்பா. புல்லு இடுப்பு ஒசரத்துக்குக் காஞ்சு கெடக்கு, தீப்புடிச்சா கோயிலும் போயிரும், நமக்கும் தீனி இல்ல, கொஞ்ச நாளைக்கு விடுன்னாரு. நான்தான் கேட்டேன், கல்லறைக்குள்ள விடலாமான்னு. அதெல்லாம் பழைய காலத்து ஆளுங்கடா, கேக்க நாதியில்லன்னாரு."

"பழைய காலத்து ஆளுங்களா? உன் அக்கா இங்க இருக்கான்னு உனக்குத் தெரியாது?"

ஷேன் கல்லிலிருந்து கண்ணை எடுக்காமல் பேசினான். சத்தம் போடவில்லை.

"செயின்ட் ஜூட்டுல இருக்கான்னு தெரியும். எந்த எடம்னு என்னிக்காச்சும் என்னக் கூட்டிட்டு வந்து காட்டினியா? அப்பா காட்டினாரா? வீட்டுல ஒரு போட்டோ கெடையாது. பேரச் சொன்னா நீ அடுப்பங்கரைக்குப் போயிருவ, அவரு கொட்டகைக்குப் போயிருவாரு. நான் யார்கிட்டக் கேக்கறது?"

யார் இப்படி ஆக்கினது என்று ஊர் முன்னால் நின்று கேட்டது நோயலின் காதிலேயே திரும்ப ஒலித்தது. கடைசியாக இந்தக் கேட்டைத் திறந்து தான் உள்ளே வந்தது எந்த வருஷம் என்று யோசித்தாள். பிடிபடவில்லை. ஷேன் பள்ளிக்கூடம் சேர்ந்திருந்தானா? சேருமுன்பா?

*

நெவில் நடந்தே வந்தான். ஷேன் பைக்கில் கிளம்பிய வேகத்தைப் பார்த்தே அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். கேட்டுக்கு வெளியே, தானே ஒட்ட வெட்டிய புல்லின்மேல் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

நோயலின் சேறு படிந்த கைகளோடு கேட்டருகே போனாள். இரண்டு பேருக்கும் நடுவே கம்பிதான் இருந்தது.

"வருஷா வருஷம் மெஷின எடுத்துட்டு எங்க போன?"

"இங்கதான்."

"இங்கயா?"

"கேட்டு வரைக்கும் வெட்டுவேன்." தொப்பியைக் கழற்றினான். இந்தத் தடவை அதற்குள் பார்க்கவில்லை, அவளைப் பார்த்தான். "மொத வருஷம் உள்ள போனேன். அப்புறம் முடியல. அடுத்த வருஷம் போயிரலாம்னு இருப்பேன். கேட்டுகிட்ட வந்ததும் காலு நின்னுரும். இங்க சுத்திச் சுத்தி வெட்டிட்டு, வண்டியில உக்காந்திருந்துட்டு வருவேன். நீ ஒண்ணும் கேக்க மாட்ட."

"நான் ஏன் கேக்கணும்? நம்பிக்கிட்டிருந்தேன்டா பாவி! என் பொண்ணு தலைமாட்டுல புல்லு வெட்டி வச்சிருக்கான்னு நம்பிக்கிட்டு டீ போட்டுக் குடுத்தேனே, அத்தன வருஷமும்!"

"தெரியும்."

"உள்ள போகக் காலு வரல. மாட்ட விட மட்டும் மனசு வந்துச்சா?"

கோயில் நிழலில் மாடு ஒன்று கத்தியது.

"அவ மூலைக்கு மாடு போகாதுன்னு நெனச்சேன்" என்றான். "அங்க ஒரு கம்பி கட்டச் சொல்லணும்னு நெனச்சேன். ஷேன்கிட்டச் சொல்லணும்னா, எந்த எடம்னு சொல்லணும். சொல்லணும்னா..." நிறுத்தினான். "தீனி இல்ல நோயலின். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன்."

"சங்கிலியக் கழட்டு" என்றாள் அவள். "மாடு வெளிய போகட்டும்."

அவன் கழற்றினான். ஷேன் பின்னாலிருந்து ஓட்ட, மாடுகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கேட்டுக்குள் நெருங்கி வெளியேறின. கடைசி மாடு போகிற போக்கில் ஒரு கல்லை இடித்தது. கல் மெல்லச் சாய்ந்து, உடைகிற சத்தம்கூட இல்லாமல் புழுதியில் விழுந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

*

அன்று மாலை பெவ் வந்து, சனிக்கிழமை வேலையை நிறுத்திவிடலாம், ஆட்களுக்குத் தான் போன் செய்து ஏதாவது சொல்லிக்கொள்வதாகச் சொன்னாள். நோயலின் மாவு பிசைவதை நிறுத்தவில்லை.

"வரச் சொல்லு. எல்லாரும் பாத்துட்டுத்தான இருந்தீங்க, ரோட்டுலேர்ந்து. கிட்ட வந்து பாருங்க."

மறுநாள் காலையில் வண்டிகள் ஒவ்வொன்றாகப் பழைய ரோட்டில் வந்து நின்றன. மண்வெட்டிகளும் தள்ளுவண்டிகளும் இறங்கின. கிளைவ்கூட வந்திருந்தான், சலவை செய்த சட்டையில். நோயலின் கேட்டருகே நின்று வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னாள்: "இது எங்க மாடு பண்ணினது." யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "தெரியும்மா" என்று முனகிக்கொண்டு உள்ளே போனார்கள். ஒரு கிழவர் மட்டும் நின்று, "நான் வாரா வாரம் இந்த ரோட்டுல போவேன், நோயலின். ஒரு தடவகூட வண்டிய நிறுத்தல" என்றார். அவள் கேட்டை அவருக்காக இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள்.

நெவில் ஷேனோடு உள்ளே வந்தான். கேட்டைத் தாண்டும்போது ஷேன் அவன் கையைப் பிடித்துக்கொண்டான். கழுவித் துடைத்த ஆட்டுக்குட்டிக் கல் தள்ளுவண்டியில் ஒரு கம்பளிமேல் இருந்தது.

"எங்கம்மா நடறது?" என்று ஷேன் கேட்டான்.

நோயலின் கோயிலின் கிழக்குப் பக்கம் நடந்தாள். "இங்கதான். இங்க ஒரு முள்செடி இருந்துச்சு. வெள்ளப் பூப் பூக்கும். அதுக்கு இந்தப் பக்கம்."

முள்செடி இல்லை. மாடு தின்றதோ மிதித்ததோ, அடையாளத்துக்கு ஒரு வேர்கூட இல்லை. குளம்படிகள்தான் எங்கும் ஒரே மாதிரி இருந்தன.

நெவில் தலையை ஆட்டினான். "இல்ல. அந்தச் சுவர் பக்கம். வடக்க."

"வடக்கயா? என்ன பேசற நீ? நான் வந்திருக்கேன், பூ வச்சிருக்கேன். இங்கதான்."

"நான்தான தூக்கிட்டு வந்தேன்."

"தூக்கிட்டு வந்தவன் சொல்லு, வாசலேர்ந்து எந்தப் பக்கம் திரும்பின?"

நெவில் கோயில் வாசலைப் பார்த்தான். சுவரைப் பார்த்தான்.

"நான் கண்ண மூடிக்கிட்டு வந்தேன் நோயலின். பெட்டி இத்தனூண்டு இருந்துச்சு. பாக்க முடியல. கோயில்பிள்ளைதான் என் முழங்கையப் புடிச்சி நடத்திட்டுப் போனாரு."

கோயில் ஊழியராக இருந்த அந்தக் கோயில்பிள்ளை இறந்து வெகு காலம் ஆகிவிட்டது. பெவ் அங்கிருந்தே ஹோபார்ட்டுக்குப் போன் போட்டாள். மன்றத்துக்கு வந்த அதே மனிதர் சனிக்கிழமை என்றும் பார்க்காமல் தேடிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டார். குழந்தையின் பெயர் பதிவில் இருக்கிறது, நாள் இருக்கிறது, எந்த இடம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை என்றார். மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். பெவ் போனை நோயலினிடம் நீட்டினாள். அவள் வாங்கிக் காதில் வைத்து, "நீங்க ஒண்ணும் பண்ணலங்க" என்று மட்டும் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள்.

ஷேன் தள்ளுவண்டியின் கைப்பிடியை விடாமல் பிடித்திருந்தான். கிழக்குக்கும் வடக்குக்கும் நடுவே அகலமான வெற்று நிலம் வெயிலில் கிடந்தது. ஊர்க்காரர்கள் மண்வெட்டியை ஊன்றியபடி அவர்கள் மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஏதாச்சும் ஒரு எடத்துல நட்டுரலாமா?" என்று பெவ் மெதுவாகக் கேட்டாள். "ஒரு அடையாளத்துக்கு?"

"அவ இல்லாத எடத்துலயா?"

நோயலின் ஒரு தட்டை மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் பக்கத்திலிருந்த முதல் கல்லுக்குப் போனாள். யாரோ ஒரு ஆட்டிடையனின் கல். மண்டியிட்டு அதன்மேல் காய்ந்திருந்த சாணியைச் சுரண்ட ஆரம்பித்தாள். கொஞ்சம் பொறுத்து நெவில் அவளுக்கு எதிரே வந்து முழங்காலிட்டு, கையாலேயே அள்ளத் தொடங்கினான். அவள் அவனைப் போகச் சொல்லவில்லை.

மற்றவர்கள் மெல்லக் கலைந்து ஆளுக்கொரு கல்லை நோக்கிப் போனார்கள். கிளைவ் தள்ளுவண்டியை வேகமாக உருட்டிக்கொண்டு குறுக்கே ஓடினான்.

"மெதுவா!" என்று கத்தினாள் நோயலின். கொட்டகையைத் தாண்டிக் கேட்கிற அதே குரல். எல்லாரும் நின்றார்கள். "பாத்து நட கிளைவ். அவ எங்க வேணா இருக்கலாம்."

கிளைவ் பூட்ஸைக் கழற்றி வேலியோரம் வைத்தான். அவனைப் பார்த்து இன்னொருவர் கழற்றினார். அன்று இருட்டும்வரை அந்தக் கல்லறைத் தோட்டத்தில் யாரும் எந்த இடத்திலும் அழுத்திக் கால் வைக்கவில்லை.